சாரல் காலத்தில் துப்பாக்கிக் கட்டை: மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஆனி பாதியில் மலை மேல் மேகம் இறங்கி, குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் போக்கும் மாறிவிடும். இந்த வாரக் கடிதம் இலஞ்சியிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் பதினான்கு வயதுப் பெண்ணின் தந்தை. "மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். பங்குனியில் ஒன்பதுக்குக் கீழே போகாத குண்டு இப்போது ஏழிலும் எட்டிலும் விழுகிறது. மரக்கட்டை ஈரத்தில் ஊறியிருக்கும், கழற்றிவிட்டு அலுமினிய சேஸி போடுங்கள் என்று கூடப் பயிற்சி எடுக்கும் பையன்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு மாட்டும் சேஸி ஒன்றைப் போனில் காட்டினார்கள். அதே மாதிரி வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் எதையும் வாங்க வேண்டாம். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் இடம் தேவைப்படும்.

துப்பாக்கியில் சுடும் வேலையைச் செய்வது குழலும் விசையும் காற்று உருளையும் சேர்ந்த உலோகப் பகுதி. அதை ஆக்‌ஷன் (இயங்கு பகுதி) என்போம். அந்த உலோகத்தை மனித உடம்போடு இணைப்பதுதான் கட்டை. தோளில் பதிவதும், கன்னம் சாய்வதும், இரு கைகளும் பற்றுவதும் கட்டையைத்தான். பழைய முறையில் வால்நட் அல்லது பீச் மரத்தைக் குடைந்து அதில் ஆக்‌ஷனை அமர்த்தி, அடியிலிருந்து திருகாணி போட்டு இறுக்குவார்கள். சேஸி (உலோகச் சட்டகம்) என்பது அதே வேலையைச் செய்யும் அலுமினியத் துண்டு. கன்னத் தாங்கி, தோள் தகடு, கைப்பிடி மூன்றும் தனித்தனியே திருகி நகர்த்தக்கூடியவையாக அதில் பொருத்தப்பட்டிருக்கும்.

பையன்கள் காட்டிய படத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். அது பெரும்பாலும் ரூகர் 10/22 என்ற ரைஃபிளுக்கான சேஸியாக இருக்கும். 1964-ல் அமெரிக்காவில் வெளிவந்த .22 ரைஃபிள் அது. விசையை அழுத்தும்தோறும் ஒரு குண்டு சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். இதையே செமி ஆட்டோமேட்டிக் என்கிறார்கள். அங்கே அது மிகப் பரவலாகப் புழங்கும் பொருள் என்பதால் அதற்கு மாற்றுக் கட்டை செய்து விற்பதே தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. நம் நாட்டு நிலை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைத் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் வரிசையில் வைத்திருக்கின்றன. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் அத்தகைய ஆயுதத்தை வைத்திருந்தால், 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. உரிமம் வேண்டிய துப்பாக்கியின் உதிரிப் பாகங்களும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே. வெளிநாட்டு இணையக் கடையில் கட்டையோ விசைப் பகுதியோ வாங்கி அஞ்சலில் வரவழைக்க எண்ணுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்குப் புதிய சட்டகம் செய்யும் வேலை ராணுவத்துக்காக நடக்கிறது. நம் படையினர் நீண்ட காலமாகக் கையாளும் ரஷ்ய வடிவமைப்பான ட்ராகுனோவ் ரைஃபிளுக்குப் பெங்களூருவின் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் நிறுவனம் மேம்பாட்டுத் தொகுப்பு ஒன்றைச் செய்து காட்டியது. இன்றைய தொலைநோக்கியை ஆட்டமில்லாமல் பொருத்தவும், சுடுபவரின் கை நீளத்துக்கும் கன்னத்தின் உயரத்துக்கும் ஏற்பக் கட்டையை நகர்த்தவும் இத்தகைய மாற்றம் தேவைப்படுகிறது. அந்த இரண்டாவது காரணம் இலஞ்சிப் பெண்ணுக்கும் பொருந்தும். படத்தில் பார்த்த தோற்றம் பொருந்தாது.

ஏர் ரைஃபிள் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. குழலின் துளை 4.5 மி.மீட்டருக்கு (.177) மேல் போகாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று காட்டி வாங்கலாம். 10 மீட்டர் போட்டி ரைஃபிள்களின் ஆற்றல் ஏழரை ஜூலை ஒட்டியே இருக்கும். எனவே மகளின் ரைஃபிளுக்கு வேறு கட்டை போடுவதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் ராணுவத் துப்பாக்கி போலத் தோன்றும் கறுப்புச் சட்டகத்தை மாட்டி, பையில் போடாமல் பைக்கில் எடுத்துக்கொண்டு புளியரை சோதனைச் சாவடியைக் கடந்து பாருங்கள். அது ஏர் ரைஃபிள் என்று விளக்குவதற்குள் பொழுது போய்விடும். மூடிய பெட்டி, வாங்கிய ரசீது, கிளப் அட்டை ஆகிய மூன்றும் எப்போதும் உடன் இருக்கட்டும்.

இனி ஈரத்துக்கு வருவோம். ஆடி மாதத்தில் குற்றாலம், மேலகரம், இலஞ்சிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் நமுத்தே கிடக்கும். அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் படரும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று தூறலையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அந்தக் காற்றில் இருக்கும் நீரை மரம் உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரத்துக்குள் இருக்கும் நீர், மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 12 சதவீதத்தில் நிற்கும். 90 சதவீத ஈரக்காற்றில் பல வாரம் இருந்தால் அது 20 சதவீதத்தை எட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் மறுபடி இறங்கும். ஆண்டுதோறும் இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது.

ஊறிய மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு வீங்குவதில்லை. நீளவாக்கில் அநேகமாக மாற்றமே இருக்காது. குறுக்குவாக்கில்தான் வீக்கம். அதிலும் மரத்தின் வளைய ஓட்டத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் வீக்கம், நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இந்த வேறுபாட்டால்தான் கட்டை தடிப்பதோடு நிற்காமல் லேசாக முறுக்கிக்கொள்கிறது. மழைக்காலத்தில் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்யும் அடுக்கு மரக் கட்டையில் ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததைப் பிடித்து நிறுத்துவதால் இந்த முறுக்கு மிகக் குறைவு.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டை வளைந்தால் குறி நேராகவே விலகிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பீப் சைட்டும் (துளை வழிக் குறிபார்ப்பி) முன் வளையமும் கட்டையில் இல்லை, உலோகப் பகுதியில் இருக்கின்றன. கட்டை எப்படி வளைந்தாலும் குழலும் குறிபார்ப்பியும் ஒன்றாகவே போகும். கெடுதல் வேறு இரண்டு வழிகளில் வருகிறது. வீங்கிய மரத்தின் மேல் திருகாணி ஆக்‌ஷனை இழுத்து இறுக்கும்போது உலோகம் மிகச் சிறிதளவு வளைக்கப்படலாம், அல்லது சுடும் நேரத்து அதிர்வு தினமும் ஒரே விதமாக இல்லாமல் போகலாம். இது முதல் வழி. கன்னம் படும் இடம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ போய், கண் துளையின் நடுவிலிருந்து விலகுவது இரண்டாவது. 10 மீட்டர் இலக்கில் பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு வளையத்துக்கும் இடைவெளி 2.5 மி.மீ. அதனால் கண்ணுக்குத் தெரியாத மாற்றமும் மதிப்பெண்ணில் தெரிந்துவிடும்.

ஆயினும் ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்குவதற்கு மரம் மட்டுமே காரணமாக இருப்பது அரிது. என்னிடம் சாரல் காலத்தில் வரும் ரைஃபிள்களில் பலவற்றில் கோளாறு மிக எளியதாக இருக்கும். திருகாணி தளர்ந்திருக்கும். குண்டு டப்பா மாறியிருக்கும், ஒரே பெயர் போட்ட டப்பாவானாலும் தயாரிப்புத் தொகுதி வேறாக இருக்கும். முன் குறிபார்ப்பியின் வளையம் கழன்று சுற்றியிருக்கும். காற்று உருளையில் அழுத்தம் குறைந்திருக்கும். இவை எதுவுமே இல்லாத போது நான் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளப்பேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைகள் நாலு மாதத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிறார்கள். கை நீள்கிறது, கழுத்து நீள்கிறது. பங்குனியில் அளவெடுத்து வைத்த கட்டை ஆடியில் குட்டையாகிவிடுகிறது. மரத்தின் மேல் பழி போடுவதற்கு முன் பள்ளிச் சீருடையின் கை நீளத்தைப் பாருங்கள்.

உண்மையில் மரம்தான் காரணமா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். முதலில் ரைஃபிளில் குண்டு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, கட்டையை மட்டும் கழற்றி, சமையலறையில் இருக்கும் மின்னணுத் தராசில் நிறுத்துத் தேதியோடு எழுதிவையுங்கள். ஒன்றரைக் கிலோ கட்டையில் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக ஏறினால் ஏறத்தாழ 40 கிராம் எடை கூடும். வாரத்துக்கு ஒரு முறை நிறுத்தால் போதும். வாராவாரம் எடை ஏறினால் மரம் ஊறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; ஏறாவிட்டால் மரத்தின் மேல் சந்தேகம் குறையும்.

அடுத்து, திரும்ப மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லாத் திருகாணிகளையும் இறுக்கிய பிறகு, குழலும் கட்டையின் முனையும் சேரும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு, மற்றொருவரை ஒரு திருகாணியை மெதுவாகத் தளர்த்தச் சொல்லுங்கள். விரலுக்கடியில் உலோகம் துள்ளுவது போல உணர்ந்தால், பெடிங் (ஆக்‌ஷன் கட்டையில் அமரும் இருக்கை) சரியில்லை என்று பொருள். குழலுக்கும் மரத்துக்கும் இடையில் பத்து ரூபாய்த் தாளை நுழைத்து இழுத்துப் பார்ப்பதும் பழைய வழிதான். முன்பு தடையில்லாமல் ஓடிய தாள் இப்போது ஓரிடத்தில் சிக்கினால் அங்கே மரம் வீங்கித் தொடுகிறது.

கடைசியாகச் சுட்டுப் பாருங்கள். மகள் நின்று சுட வேண்டாம். மேசையில் மணல் பை வைத்து அதன் மேல் கட்டையைத் தாங்கி, பத்துப் பத்துக் குண்டாகக் காலையில் ஒரு தாள், மாலையில் ஒரு தாள் என்று ஐந்து நாள் சுட்டு, தாளின் பின்னால் தேதியும் நேரமும் எழுதுங்கள். மணல் பையில் வைத்துச் சுடும்போது குண்டுகள் ஒரே துளையாக விழுந்து, நின்று சுடும்போது மட்டும் சிதறினால் கட்டையின் பொருள் எதுவானாலும் பயனில்லை. உடம்புக்கும் கட்டைக்கும் உள்ள அளவுதான் தவறியிருக்கிறது. மணல் பையிலேயே குண்டுகள் இரண்டு தனிக் கூட்டமாக விழுந்தாலோ, நாளுக்கு நாள் ஒரு பக்கமாக நகர்ந்தாலோ, அப்போது மரத்தையும் பெடிங்கையும் சந்தேகிக்கலாம்.

இந்தச் சோதனைகளுக்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அந்தப் பொறுமைதான் பலருக்கு இருப்பதில்லை. நேரமே இல்லாதவர் ஒருவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றுக்கு முன், ஒத்திகைக் குண்டுகளிலேயே தன் ரைஃபிளின் குறி பெரிதும் விலகியிருந்ததைக் கண்டதாக அபினவ் பிந்த்ரா பின்னாளில் எழுதியிருக்கிறார். கைவசம் இருந்தது சில நிமிடங்கள். அவர் குறிபார்ப்பியைத் திருகிச் சரிசெய்துகொண்டு அந்தப் போட்டியில் தங்கம் வென்றார்.

மரம்தான் காரணம் என்று தெரிந்தாலும் கட்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஈரம் பெரும்பாலும் மெருகு பூசிய வெளிப்பக்கம் வழியாக உள்ளே போவதில்லை. தோள் தகட்டின் அடியிலும், ஆக்‌ஷன் அமரும் குடைவிலும், திருகாணித் துளைகளிலும் மெருகு பூசாத மரம் திறந்து கிடக்கும். அதிலும் தோள் தகட்டின் அடியில் இருப்பது மரத்தின் வெட்டுமுகம். வைக்கோலை நுனியில் நனைத்தால் நீர் ஏறுவது போல அந்த வழியாக ஈரம் ஏறும். அந்த இடங்களுக்கெல்லாம் பாலியூரித்தேன் வார்னிஷ் மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூச வேண்டும். ஆனால் அதை இப்போது செய்யாதீர்கள். சாரல் காலத்தில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். மாசி கடந்து வெயில் ஏறிய பின், கட்டையின் எடை பல வாரமாக ஒரே நிலையில் நிற்கும்போது பூசுவதே முறை. பெடிங் தேய்ந்திருந்தால் எப்பாக்ஸி கொண்டு புதிய இருக்கை வார்க்கலாம். அதை அனுபவமுள்ள ஆர்மரர் (துப்பாக்கிப் பழுதுநர்) மட்டுமே செய்ய வேண்டும். ஓரிடத்தில் தவறினால் உலோகம் மரத்தோடு ஒட்டிப் பிரிக்க முடியாமல் போகும்.

அதுவரை செய்ய வேண்டியது ரைஃபிளை உலர்வாக வைப்பது. போட்டி முடிந்து வந்ததும் பஞ்சு வைத்த பெட்டியிலேயே மூடி வைத்துவிடுவது பெரிய தவறு. பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உலோகம் துருப்பிடிக்கும், மரம் ஊறும். வெளிச்சுவரில் படாத பூட்டிய அலமாரியில் நிறுத்தி வைத்து, சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) பைகளைப் போட்டு, மணிகளின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்துங்கள். பரணில் வைக்காதீர்கள். பகலில் ஓட்டுச் சூடும் இரவில் குளிரும் மாறி மாறித் தாக்கும் இடம் அது.

கைவைத்தியங்கள் பல என் பார்வைக்கு வந்திருக்கின்றன. கட்டையை மொட்டை மாடியில் வெயிலில் காயப்போடுவது வழக்கமாக நடக்கிறது. மேற்புறம் சுருங்கி உள்ளே ஈரம் நிற்பதால் வெடிப்பு விடும். தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது காயாத எண்ணெய். மரத்தில் மெருகாக இறுகாமல் பிசுக்காக நின்று தூசியைப் பிடிக்கும், குழலருகே வழிந்தால் இன்னும் கெடுதல். தளர்ந்த ஆக்‌ஷனுக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து இறுக்குவது, பொருத்துப் பசையை உருட்டித் திணிப்பது, வீங்கிய இடத்தைத் தச்சு ஆசாரியிடம் கொடுத்து இழைப்பது எல்லாமே ஒரு மாத நிம்மதி தரும். வெயில் வந்து மரம் சுருங்கியதும் இழைத்த இடம் பள்ளமாக நிற்கும். ஆசாரி கைத்திறனில் குறை இல்லை. எந்த மாதத்தில் இழைக்கக் கூடாது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சரி, சேஸி எப்போது தேவை? வளரும் பிள்ளை ஒரே ரைஃபிளில் இன்னும் நாலைந்து ஆண்டு சுடப் போகிறது, தோள் தகடும் கன்னத் தாங்கியும் போதிய அளவு நகராத பழைய மரக்கட்டை அது என்றால், நகரும் பாகங்கள் கொண்ட கட்டை நல்ல முதலீடு. ஈரம் அதற்குத் துணைக் காரணம்தான். அலுமினியம் ஊறாது. வெப்பத்தில் விரியும். அரை மீட்டர் துண்டு 15 டிகிரி சூட்டு வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 0.17 மி.மீ. நீளும். ஆனால் மரம் போல முறுக்காமல் சீராக நீளும் என்பதால் கவலையில்லை. அதற்கும் நம் ஊர் ஈரத்தில் ஒரு நோய் உண்டு. எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும், திருகாணி இறுகிச் சிக்கிக்கொள்ளும். அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஏற்றும் காப்புப் படலம்) முழுமையாக இருக்கிறதா என்று துளைகளுக்குள்ளும் பாருங்கள். மாதம் ஒரு முறை திருகாணிகளைத் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

தேர்வு செய்யும்போது முதல் கேள்வி, உங்கள் ரைஃபிளின் அதே மாடலுக்காகச் செய்யப்பட்டதா என்பது. "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று விற்பது ஒன்றுக்கும் சரியாகப் பொருந்தாது. அடுத்தது எடை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு விதித்த உச்ச எடை குறிபார்ப்பி உட்பட 5.5 கிலோ. அது மேல்வரம்புதான். அதை எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு போட்டியில் அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிடம். வலக்கையால் சுடும் பிள்ளை அத்தனை நேரமும் இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி, முதுகைச் சற்றே பின்னால் வளைத்து அந்த எடையைத் தாங்க வேண்டும். பதினான்கு வயது முதுகெலும்புக்கு ஒவ்வொரு இருநூறு கிராமும் கணக்கு. நாற்பதாவது குண்டுக்குப் பிறகு தோள் நடுங்கினாலோ, மறுநாள் இடுப்பு வலித்தாலோ எடையைக் குறையுங்கள். பயிற்சி கூடினால் பழகிவிடும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கட்டைவிரல் நுழையும் ஓட்டை கொண்ட கைப்பிடிக்கு ஏர் ரைஃபிள் போட்டியில் அனுமதி இல்லை. இணையத்தில் அழகாகத் தெரியும் சேஸிகளில் பல அந்த வடிவில்தான் வருகின்றன. வாங்கிவிட்டு, போட்டி நாளில் உபகரணச் சோதனை மேசையில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். மாநிலப் போட்டிக்கும் அகில இந்திய அளவிலான ஜி.வி. மாவ்லங்கர் போட்டிக்கும் போக எண்ணுபவர்கள் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பயிற்சியாளரிடம் கேட்டுப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். பழைய ரைஃபிள் வாங்குபவர்கள் காற்று உருளையில் பொறித்த தேதியையும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த பயன்பாட்டுக் காலம் கடந்த உருளையைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். உயர் அழுத்தக் காற்று அடைக்கும் கலம் என்பதால் பாதுகாப்புக்கும் அதுவே எல்லை.

அளவு பார்க்கும் விதம் எளிது. குண்டில்லாத ரைஃபிளை எடுத்து, பாதுகாப்பான திசையில் நீட்டி, மகளைக் கண்ணை மூடிக்கொண்டு வழக்கமான நிலைக்கு வரச் சொல்லுங்கள். கன்னம் இயல்பாகச் சாயட்டும். பிறகு கண்ணைத் திறந்தால் பீப் சைட்டின் துளை வட்டமாக நடுவில் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ குறுக்கியோ தேட வேண்டியிருந்தால் கன்னத் தாங்கியும் தோள் தகடும் சரியில்லை. விசையை விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதை தொட வேண்டும், கணு மடிப்பு தொடக் கூடாது. வாங்குவதற்கு முன் மதுரை ரைஃபிள் கிளப் போன்ற இடத்தில் சேஸி வைத்திருக்கும் மூத்த வீரர் ஒருவரிடம் கேட்டு, அவர் மேற்பார்வையில் முப்பது குண்டு சுட்டுப் பார்க்கச் சொல்வேன். படத்தைப் பார்த்து வாங்குவதைவிடத் தென்காசியிலிருந்து மதுரைக்குப் பேருந்துக் கட்டணம் குறைவு.

ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே சுருள்வில் பாய்வதால் சுடும்போது ரைஃபிள் முன்னும் பின்னும் உதறும். அந்த உதறலைத் தடுக்காமல் தளர்வாகப் பிடிப்பதே அதைச் சுடும் கலை. கனமான உலோகச் சட்டகத்தால் அதற்குப் பெரிய நன்மை இல்லை, திருகாணிகள்தான் அடிக்கடி தளரும். மரக்கட்டையிலேயே இருங்கள்.

கடையநல்லூர், வடகரை, சிவகிரிப் பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளும் இதே கேள்வியை அனுப்புகிறார்கள். உங்களுக்கு விடை கண்டிப்பானது. உரிமத் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் பெற்ற பழுதுநரிடம் மட்டுமே செல்ல வேண்டும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் பல வாரம் கழித்துத் திரும்பப் பெறும் துப்பாக்கியின் கட்டையை, கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு அங்கேதான் தொடங்கும். கம்பி சுற்றியோ ரெக்சின் ஒட்டியோ சுடாதீர்கள். 12 போர் தோட்டாவின் உதையில் வெடித்த கட்டை பிளந்தால் கன்னமும் கையும் காயப்படும்.

ஏர் ரைஃபிள்தானே என்று குரங்குக்கும் பறவைக்கும் குறிவைப்பதையும் சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி அது குற்றம். 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயம் நம் மலையோரத்தில் இருக்கிறது. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஏர் ரைஃபிளை எடுத்துச் செல்வதே தவறு.

இலஞ்சித் தந்தைக்கு என் முடிவு இது. திருகாணிகளை இறுக்கப் பயிற்சியாளரிடம் உள்ள டார்க் ரெஞ்சை (முறுக்கு அளவு காட்டும் சாவி) வாங்கி, ரைஃபிளின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பங்குனியில் பயன்படுத்திய அதே குண்டு டப்பாவைத் தேடி எடுங்கள். மகளின் உயரத்தை அளந்து, தோள் தகட்டை ஒரு படி பின்னால் நகர்த்துங்கள். பிறகு மணல் பையில் ஐந்து நாள், நின்று ஐந்து நாள் சுடட்டும். அந்த இருபது தாள்களையும் கட்டையின் வாராந்திர எடைக் குறிப்பையும் எனக்கு அனுப்புங்கள். சேஸி தேவையா என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.